எக்ஸ்ரே நார்மல், ஆனாலும் ஓயாத மணிக்கட்டு வலி: ஒரு நிகழ்வு ஆய்வு

மணிக்கட்டு வலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வும் ஒரு பட்டையும் போதும். மீதிப் பேரில் சிலர் கையில் ஒரு பெரிய கவர் நிறைய ஃபிலிம்களோடு வருவார்கள். எல்லா ரிப்போர்ட்டிலும் 'நார்மல்' என்றிருக்கும். வலி மட்டும் அப்படியே இருக்கும். இது அப்படி ஒருவருடைய கதை. அவருக்கு இருந்த நோய் அடிக்கடி வருவதல்ல. ஆனால் அவருக்கு எடுக்கப்பட்ட ஒவ்வொரு படமும் எதைக் காட்டியது, எதைக் காட்ட முடியாமல் போனது என்று வரிசையாகப் பார்த்தால், மணிக்கட்டு வலிக்கு எந்தப் படத்தை எப்போது கேட்பது என்பது தெளிவாகும். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

நோயாளி

29 வயது ஆண். வலது கைப் பழக்கம். கோவைப் பக்கம் ஒரு பவுண்டரியில் ஃபெட்லிங் வேலை. அதாவது வார்த்து எடுத்த பம்ப் பாகங்களின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை ஹேண்ட் கிரைண்டரால் தேய்த்து எடுக்கும் வேலை. ஷிஃப்ட் முழுவதும் அதிரும் கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

வலி தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கீழே விழவில்லை. ஒருநாள் கிரைண்டர் சக்கரம் வார்ப்பில் சிக்கி உதறியபோது மணிக்கட்டு பின்னால் மடங்கியது, அதிலிருந்துதான் என்பது அவர் கணக்கு. முதல் சில வாரம் வேலை முடிந்த பிறகு மட்டும் வலித்தது. பிறகு வேலை நேரத்திலேயே வலித்தது. கடைசியில் வண்டியில் ஆக்சிலரேட்டரைத் திருகுவதும், குளித்துவிட்டுத் துண்டைப் பிழிவதும் சிரமமாகிவிட்டன.

முதலில் ஊரில் சுளுக்கு வழிப்பவரிடம் போயிருக்கிறார். பிறகு ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே, வலி மாத்திரை, கிரேப் பேண்டேஜ். பிறகு மூட்டு வாதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனைகள்: யூரிக் அமிலம், ஆர்.ஏ. ஃபேக்டர், ஈ.எஸ்.ஆர். எல்லாம் சரியாக இருந்தன. ஐந்தாறு மாதம் கழித்து இரண்டாவது எக்ஸ்ரே, அதுவும் நார்மல். அதன்பின் ஓர் அல்ட்ராசவுண்ட். அதில் மணிக்கட்டின் முதுகுப் பக்கம் 4 மி.மீ. அளவில் ஒரு சின்ன கேங்ளியான் (மூட்டு நீர்க்கட்டி) தெரிந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. அங்கே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் வலி குறைந்து, மறுபடி ஏறியது. அடுத்து அந்தக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுப்பது என்று பேச்சு வந்தபோது, கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரின் கருத்துக்காக அவர் அனுப்பப்பட்டார். படங்கள் என்னிடம் வந்தது அந்த வழியில்தான்.

விரல் காட்டிய இடம்

ரேடியாலஜி துறையில் இருப்பவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது குறைவு. மணிக்கட்டைப் பொறுத்தவரை அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தீப்பெட்டி அளவுள்ள இடத்தில் எட்டு எலும்புகள், அவற்றைப் பிணைக்கும் ஏராளமான தசைநார்கள், மேலே ஆறு அறைகளில் ஓடும் நீட்டுத் தசைநாண்கள், கீழே விரல்களுக்கு நரம்பும் தசைநாண்களும் போகும் கார்ப்பல் டனல். 'மணிக்கட்டு வலி' என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எதைத் தேடுவது?

"தம்பி, ஒரே விரலால வலிக்கிற இடத்தைக் காட்டுங்க."

"இங்கதானுங்க சார், நட்ட நடுவுல. அமுக்கினா உள்ளுக்குள்ள சுருக்குங்குதுங்க."

ஆரை எலும்பின் (ரேடியஸ்) முதுகுப் பக்க நுனியில், தடவினால் தட்டுப்படும் ஒரு சிறு மேடு உண்டு. லிஸ்டர் மேடு என்பார்கள். அதிலிருந்து நடுவிரல் இருக்கும் திசையில் விரலை மெல்ல நகர்த்தினால் ஒரு பள்ளத்தில் இறங்கும். அப்படியே வைத்துக்கொண்டு மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கச் சொன்னால், அந்தப் பள்ளத்தில் ஓர் எலும்பு மேலெழுந்து விரலை முட்டும். அதுதான் லூனேட், பிறை வடிவ எலும்பு. அவர் முகம் சுருங்கியது அதன்மேல் அழுத்தியபோது மட்டும்தான்.

கட்டைவிரலின் அடியில் உள்ள பள்ளத்தில் வலி இல்லை. எனவே ஸ்கேஃபாய்டு (கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பு) முறிவு பின்னுக்குப் போனது. ஸ்கேஃபாய்டை நகர்த்திப் பார்க்கும் வாட்சன் சோதனையில் 'டொக்' என்ற சத்தமோ வலியோ இல்லை. சுண்டுவிரல் பக்கம் அழுத்தினால் வலி இல்லை. கட்டைவிரலை மடக்கிக் கையைச் சாய்க்கும் ஃபிங்கெல்ஸ்டைன் சோதனையும் சரி. விரல்களில் மரமரப்பு கிடையாது. மணிக்கட்டைப் பின்னால் மடக்குவது இடது கையில் 70 டிகிரி வந்தது, வலது கையில் 45 டிகிரியோடு நின்றது. பிடிவலிமை இடது கையில் 41 கிலோ, வலது கையில் 22 கிலோ. வலது கையால் உழைத்துச் சாப்பிடுகிற 29 வயதுக்காரருக்கு இது சாதாரணச் சுளுக்கில் வரும் வித்தியாசம் இல்லை.

பழைய படங்கள்

கவரில் இருந்த முதல் எக்ஸ்ரே மணிக்கட்டுக்காக எடுத்ததே இல்லை. சீட்டில் 'வலது கை' என்று எழுதியிருக்க வேண்டும். கதிர் விரல் முட்டிகளை மையமாக வைத்து விழுந்திருந்தது. மணிக்கட்டு ஃபிலிமின் அடி ஓரத்தில், கொஞ்சம் சாய்ந்து கிடந்தது. நேர்ப் படம் ஒன்று, சாய்வுப் படம் ஒன்று. பக்கவாட்டுப் படம் இல்லை. இரண்டாவது முறை மணிக்கட்டைத்தான் எடுத்திருந்தார்கள், பக்கவாட்டுப் படமும் இருந்தது. ஆனால் அது முழுப் பக்கவாட்டு இல்லை, முன்கை திரும்பியிருந்தது. சரியான பக்கவாட்டுப் படத்தில் பைசிஃபார்ம் என்ற பட்டாணி எலும்பின் முன் விளிம்பு, மணிக்கட்டின் நடுவில் உள்ள கேப்பிடேட் எலும்பின் முன் விளிம்புக்கும் ஸ்கேஃபாய்டின் முன் நுனிக்கும் நடுவில் விழ வேண்டும். இதில் அப்படி விழவில்லை. இந்த மாதிரிப் படத்தை வைத்து எலும்புகளுக்கு இடையிலான கோணத்தை அளந்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

நேர்ப் படத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. தோளை 90 டிகிரி தூக்கி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒரே மட்டத்தில் மேசைமேல் இருக்க எடுக்க வேண்டும். அப்போதுதான் முன்கை எந்தப் பக்கமும் திரும்பாத நடுநிலையில் இருக்கும். இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. முன்கையின் இரண்டு எலும்புகளில் எது எவ்வளவு நீளம் என்பதை இந்தப் படத்தில்தான் அளக்கிறோம். கையைக் குப்புறத் திருப்பினாலோ, இறுக்கிப் பிடித்தாலோ அல்னா (சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு) நீண்டதுபோலத் தெரியும். மல்லாத்தினால் குட்டையாகத் தெரியும். இரண்டு மி.மீ. வித்தியாசத்தை வைத்து ஆபரேஷனே முடிவாகிற இடத்தில், மேசையில் கை எப்படி இருந்தது என்பது சின்ன விஷயம் ஆகாது. எக்ஸ்ரே டெக்னீஷியன் அந்த உயரத்துக்கு ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்துப்போடும் அரை நிமிடம், பின்னால் வரும் பல ஆயிரம் ரூபாய் ஸ்கேனின் அர்த்தத்தையே மாற்றுகிறது.

புதிதாக எடுத்த படத்தில் அல்னா, ரேடியஸைவிட 3 மி.மீ. குட்டை. லூனேட் பக்கத்து எலும்புகளைவிட ஒரு சாயல் வெளுத்திருந்தது. உயரம் குறையவில்லை, விளிம்புகள் முழுசாக இருந்தன. மணிக்கட்டின் உயரத்தை நடுவிரலின் மெட்டாகார்ப்பல் (உள்ளங்கை) எலும்பின் நீளத்தால் வகுத்தால் ஆரோக்கியமான கையில் 0.54-ஐ ஒட்டி வரும், இவருக்கு 0.53. ஸ்கேஃபாய்டு சாய்ந்து விழவில்லை.

அந்த வெண்மையைப் பற்றி ஒரு வார்த்தை. வலியால் கையை உபயோகிக்காமல் வைத்திருந்தால் மற்ற எலும்புகள் கால்சியத்தை இழந்து மங்கும். ரத்தம் போகாத எலும்பில் அந்த இழப்பு நடப்பதில்லை, அதனால் அது மட்டும் அடர்த்தியாகத் தெரியும். ரத்தம் மீண்டும் எட்டிப் பார்க்கும் பகுதிகளில் செத்த எலும்பின் மேலேயே புது எலும்பு படிவதும் வெண்மையைக் கூட்டும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க நல்ல ஃபிலிமோ நேரடி டிஜிட்டல் படமோ வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஃபோனில் படம்பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. பெரிய முறிவு அதில் தெரியலாம். இப்படி ஒரு சாயல் வெளுத்த எலும்பு நிச்சயம் தப்பிவிடும்.

எம்.ஆர்.ஐ. கேட்ட கேள்வி

இந்த முறை சீட்டில் எழுதியது இது: 'லூனேட்டின் முதுகுப் பக்கம் அழுத்த வலி, அல்னா 3 மி.மீ. குட்டை, லூனேட்டில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா?' மணிக்கட்டுக்கென்றே உள்ள காயிலில் (சிக்னலைப் பிடிக்கும் கருவி), 2 மி.மீ. தடிமனில் படங்கள் எடுக்கப்பட்டன. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டு, கடைசியில் ரத்தம் போகும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் கடோலினியம் மருந்து செலுத்தியும் ஒரு தொடர்.

ஆரோக்கியமான எலும்பின் மஜ்ஜையில் கொழுப்பு அதிகம். டி1 வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். இவருடைய படத்தில் ஏழு எலும்புகள் வெள்ளையாக இருக்க, வரிசையின் நடுவில் லூனேட் மட்டும் கரியாக இருந்தது. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் டி2 படத்தில் அதே எலும்பில் திட்டுத்திட்டாக நீர்க்கோர்வை. மருந்து செலுத்திய பிறகு எலும்பு மூன்று பட்டைகளாகப் பிரிந்து தெரிந்தது: ரேடியஸை ஒட்டிய மேல்பகுதியில் மருந்து ஏறவே இல்லை, நடுவில் ஒரு பட்டை பளிச்சென்று ஏறியது, விரல் பக்கத்துப் பகுதி ஏறக்குறைய இயல்பாக இருந்தது. மேல்பகுதி செத்திருக்கிறது, நடுவில் உடல் அதைச் சரிசெய்யப் போராடிக்கொண்டிருக்கிறது, கீழ்ப்பகுதி பிழைத்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

கீன்பாக் நோய். வியன்னாவில் இருந்த ரேடியாலஜி மருத்துவர் ராபர்ட் கீன்பாக் 1910-இல் விவரித்தது. சிதைந்த லூனேட்டை 1843-இலேயே பிரான்ஸில் பெஸ்ட் என்பவர் சடலங்களில் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் உயிரோடு நடமாடும் மனிதரின் மணிக்கட்டுக்குள் அதைப் பார்க்க 1895-இல் ரோன்ட்கன் கதிர் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருந்தது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் இருக்கும், கையால் உழைக்கும் ஆண்களுக்கு, அதிகம் புழங்கும் கையில் வருகிறது. ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. அல்னா குட்டையாக இருந்தால் லூனேட் ரேடியஸின் விளிம்பில் அதிகமாக நசுங்குகிறது என்ற தொடர்பை ஸ்வீடனைச் சேர்ந்த ஹல்ட்டேன் 1928-இல் சுட்டினார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே அதை ஆமோதிக்கவில்லை. லூனேட்டுக்குள் ரத்தக் குழாய்கள் கிளைக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். கிளைகள் குறைந்த எலும்புக்கு ஆபத்து அதிகம் என்று கருதப்படுகிறது. அதிரும் கருவிகளுக்குப் பங்கு உண்டு என்ற சந்தேகம் நெடுநாளாக இருக்கிறது, நிரூபணமாகவில்லை. எனவே இவருடைய வேலையால்தான் இந்த நோய் வந்தது என்று நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. அந்த வேலை இந்த எலும்புக்கு ஆகாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லத் தயக்கம் இருக்கவில்லை.

வேறு என்னவாக இருக்கலாம்

லூனேட் கறுத்திருந்தால் உடனே கீன்பாக் என்று எழுதிவிட முடியாது. அல்னா நீளமாக இருந்து லூனேட்டை இடிக்கும் நிலையிலும் இந்த எலும்பில் நீர்க்கோர்வை வரும். ஆனால் அது சுண்டுவிரல் பக்கத்து மேல்மூலையில் ஒதுங்கி நிற்கும். எதிரே இருக்கும் முக்கோணக் குருத்தெலும்பும் பெரும்பாலும் தேய்ந்தோ கிழிந்தோ இருக்கும். இவருக்கு அல்னா குட்டை, குருத்தெலும்பு முழுசு, மாற்றம் எலும்பு முழுவதும். எலும்புக்குள் உருவாகும் நீர்க்கட்டி என்றால் வரம்பு கட்டிய ஒரு குழியாகத் தெரிந்திருக்கும்.

நம் ஊரில் காசநோயை யோசிக்காமல் ஒரு மூட்டுப் படத்தை மூடிவைக்கக் கூடாது. மணிக்கட்டில் காசநோய் மெதுவாக, காய்ச்சல்கூட இல்லாமல் வரலாம். அது வந்தால் மூட்டுச் சவ்வு தடித்திருக்கும், நீர் கோத்திருக்கும், ஓர் எலும்போடு நிற்காமல் அண்டை எலும்புகளையும் அரித்திருக்கும். முடக்குவாதமும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் போகும். இவருக்குச் சவ்வு மெல்லியதாக இருந்தது. அண்டை எலும்புகளில் ஒரு புள்ளிகூட மாற்றம் இல்லை.

அந்த 4 மி.மீ. கேங்ளியான் எம்.ஆர்.ஐ.-யிலும் இருந்தது. அல்ட்ராசவுண்ட் செய்தவர் பார்த்ததில் தவறே இல்லை. தசைநாண், சவ்வு, நீர்க்கட்டி ஆகியவற்றைப் பார்க்க அல்ட்ராசவுண்டைப் போல எளிதான கருவி கிடையாது. கையை அசைக்கச் சொல்லிக்கொண்டே பார்க்கலாம். ஆனால் ஒலி அலை எலும்பின் மேல்தோலோடு திரும்பிவிடும், மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இந்த அளவுக் கட்டிகள் வலியே இல்லாதவர்களின் மணிக்கட்டிலும் சாதாரணமாக இருக்கின்றன. படத்தில் ஏதோ ஒன்று தெரிந்துவிட்டால் வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டும் அவசரம், ஒன்றுமே தெரியாத படத்தைவிட அதிகச் சேதம் செய்கிறது. கட்டி இருந்த இடம் அவர் விரலால் காட்டிய புள்ளியிலிருந்து கட்டைவிரல் பக்கமாக ஒரு செ.மீ. தள்ளி இருந்தது. அங்கே அழுத்தினால் வலியும் இல்லை.

சி.டி. எதற்கு

இத்தனைக்குப் பிறகு இன்னொரு ஸ்கேனா என்று அவர் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குள் அவர்கள் கையிருப்பெல்லாம் கரைந்திருந்தது.

1977-இல் அமெரிக்கக் கை அறுவை சிகிச்சை நிபுணர் லிக்ட்மன் வகுத்த நிலைகளின்படிதான் இந்த நோய்க்கு வைத்தியம் முடிவாகிறது. முதல் நிலையில் எக்ஸ்ரே இயல்பாக இருக்கும், எம்.ஆர்.ஐ. மட்டுமே காட்டிக்கொடுக்கும். இரண்டாம் நிலையில் எலும்பு வெளுக்கும், உருவம் குலையாது. மூன்றில் நொறுங்கி உயரம் குறையும். ஸ்கேஃபாய்டு நிமிர்ந்து நிற்கிறதா, சரிந்துவிட்டதா என்பதைப் பொறுத்து அதற்குள்ளேயே பிரிவுகள் உண்டு. நான்கில் சுற்றியுள்ள மூட்டுகளும் தேய்ந்துவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் எலும்பைக் காப்பாற்றும் வாய்ப்பு பெரிதாகக் குறைகிறது.

இவருடைய டி1 படத்தில் லூனேட்டின் மேல்பகுதியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. அது எலும்பு முறிந்த கோடாகவும் இருக்கலாம், அடர்ந்த எலும்பின் விளிம்பாகவும் இருக்கலாம். மஜ்ஜையைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. கெட்டி, எலும்பின் மெல்லிய கட்டமைப்பைக் காட்டுவதில் சி.டி.-க்கு அது ஈடாகாது. முறிவு இருந்தால் வைத்தியமே மாறும் என்பதால் சி.டி. எடுத்தோம், ஒரு மி.மீ.-க்கும் குறைந்த தடிமனில், மணிக்கட்டை மட்டும். கையைத் தலைக்குமேல் நீட்டிவைத்து எடுப்பதால் உடம்பின் மற்ற பகுதிகளில் விழும் கதிர் மிகக் குறைவு. கோடு, அடர்ந்த எலும்பின் விளிம்புதான். மேல்தகடு எங்கும் உடையவில்லை. இரண்டாம் நிலை என்று உறுதியானது.

சி.டி.-யில் எதுவும் மாறப்போவதில்லை என்ற நிலையில் இருந்திருந்தால், அதைக் கேட்டிருக்க மாட்டோம். ரேடியஸ் பக்கத்து மூட்டு தேய்ந்து, உருவம் குலைந்த லூனேட் எக்ஸ்ரேயிலேயே தெரிபவருக்கு எம்.ஆர்.ஐ.-யும் பல சமயம் தேவையில்லை.

சிகிச்சையும் பின்தொடர்தலும்

அறுவை சிகிச்சை நிபுணர் ரேடியஸை 2.5 மி.மீ. அளவுக்குக் குறைத்து, பிளேட் வைத்துப் பூட்டினார். லூனேட்டை நேரடியாகத் தொடவில்லை. அதன்மேல் விழும் பாரத்தைப் பக்கத்துக்குப் பகிர்ந்துவிட்டு, தானாகத் தேற அவகாசம் தருவதே இந்த ஆபரேஷனின் நோக்கம். வெட்டிய இடம் பத்து வாரத்தில் கூடியது. பிறகு பிசியோதெரபி.

ஒரு வருடம் கழித்து வலது கையின் பிடிவலிமை 34 கிலோ. பின்னால் மடக்குவது 58 டிகிரி. கனமாகத் தூக்கினால் வலி இருக்கிறது, இரவில் இல்லை. எக்ஸ்ரேயில் லூனேட்டின் உயரம் அப்படியே நிற்கிறது. பிளேட்டின் உலோகம் படத்தைக் கொஞ்சம் குலைத்தாலும், எம்.ஆர்.ஐ.-யில் விரல் பக்கத்துப் பாதியில் கொழுப்பின் வெண்மை திரும்பத் தொடங்கியிருப்பது தெரிந்தது. ரேடியஸை ஒட்டிய ஓரம் இன்னும் கறுப்புதான். அது முழுவதும் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது. முதலாளி அவரை ஃபெட்லிங்கிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு மாற்றியிருக்கிறார். சம்பளம் கொஞ்சம் குறைவு.

இடது கையையும் ஒப்பிடுவதற்காக எக்ஸ்ரே எடுத்திருந்தோம். அதிலும் அல்னா குட்டைதான், 2 மி.மீ. "அப்ப அந்தக் கையிலயும் வருங்களா சார்?" என்று கேட்டார். இந்த நோய் இரண்டு கையிலும் வருவது அரிது. அல்னா குட்டையாக இருந்தும் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் ஏராளம். அந்தக் கையில் வலி இல்லை, அழுத்தினாலும் இல்லை, மடக்கம் முழுசாக இருக்கிறது. அதனால் இடது கைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று முடிவு செய்தோம். நடு மணிக்கட்டில் வலி சில வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும், எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட உடனே வரச் சொல்லியிருக்கிறோம். வலது கைக்கு அடுத்த எக்ஸ்ரே ஆறு மாதத்தில். நேர்ப் படமும் பக்கவாட்டுப் படமும் எந்த நிலையில் எடுக்க வேண்டும் என்பதை இந்த முறை சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர் எந்த ஊரில் எடுத்தாலும் பழைய படத்தோடு வைத்து அளக்க முடிய வேண்டும் என்பதற்காக.